பெயர்ப்பலகைகள் மறைந்த கதை: அமெரிக்கக் கார் கம்பெனிகளும் அந்நியப் போட்டியும்

போட்டியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "வெளியிலிருந்து வந்தவன் நம் பிழைப்பைக் கெடுத்துவிட்டான்" என்ற சொல் நம் வணிகர் கூட்டங்களில் கேட்கிறது. அதில் உண்மை எவ்வளவு, மனக்குறை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. நம் கடைக் கணக்கை நாமே தணிக்கை செய்வது போன்ற சங்கடம் அது. அடுத்தவர் கணக்கைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகும். அதற்கு அமெரிக்க மோட்டார் தொழிலைவிடப் பொருத்தமான பேரேடு வேறு இல்லை எனலாம்.

டெட்ராய்ட் நகரையொட்டிய உட்வர்ட் அவென்யூ என்னும் பெரிய சாலையில் 1995ஆம் ஆண்டு முதல் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் பழைய கார்களின் அணிவகுப்பு நடந்து வருகிறது. நம் ஊரில் தேர் பார்க்கக் கூடுவதுபோல், மக்கள் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். பேக்கார்ட், ஹட்சன், நாஷ், ஸ்டூடிபேக்கர், டிசோட்டோ, பிளிமத், ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் என்று இன்று எந்த ஷோரூமிலும் கிடைக்காத பெயர்கள் அங்கே ஊர்ந்து போகின்றன. தகப்பனார் ஓட்டிய வண்டி, தாத்தா வேலை பார்த்த கம்பெனி என்று முதியவர்கள் காட்டிக் காட்டிச் சொல்வார்கள். பேச்சு முடிவில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புக்கு வந்து சேரும்: ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் வந்தான், நம்முடையவை எல்லாம் போயின.

இந்தப் பெயர்கள் நமக்கும் அடியோடு புதியவை அல்ல. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்து கிரைஸ்லர் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் வண்டிகளைப் பூட்டி விற்றது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கர் வண்டிகளைப் பூட்டியது. டாட்ஜ், பார்கோ லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கிய தலைமுறை நம் மண்டிகளிலும் இருந்தது. ஆகவே கார் கதைதானே என்று தள்ளிவிட வேண்டாம். உள்ளே இருப்பது கொள்முதல், இருப்பு, கூட்டு, கடன், வாடிக்கையாளர் என்னும் நமது அன்றாடக் கணக்குதான்.

தள்ளுவண்டியில் சேர்ந்த முதல்

இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்னும் ஊரில் 1852ஆம் ஆண்டு ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் இருவர் ஒரு கொல்லுப்பட்டறை வைத்தார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பது, வண்டி செய்வது இவைதான் தொழில். அவர்களின் தம்பி ஒருவர் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே தங்கம் தோண்டவில்லை. தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றார். 1858இல் 8,000 டாலருடன் ஊர் திரும்பி அதைக் குடும்பத் தொழிலில் போட்டார். உள்நாட்டுப் போரின்போது படைக்கு வண்டிகள் கொடுத்துக் கம்பெனி பெருகியது. 1902இல் மின்சாரக் காரும் 1904இல் பெட்ரோல் காரும் செய்தார்கள். குதிரை வண்டியிலிருந்து மோட்டாருக்கு மாறித் தாக்குப்பிடித்த வண்டிக் கம்பெனிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

ஹட்சன் கம்பெனியின் தொடக்கம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1909இல் அதற்கு முதல் போட்டவர் டெட்ராய்ட்டில் பெரிய ஜவுளி மற்றும் பல்பொருள் கடை நடத்திய ஜோசப் ஹட்சன். கார் செய்யத் தெரிந்த இளைஞர்களிடம் கடைக்காரர் ஒருவரின் பணமும் பெயரும் சேர்ந்தன, கம்பெனி பிறந்தது. நாஷ் கம்பெனியோ 1937இல் கெல்வினேட்டர் குளிர்பெட்டி நிறுவனத்துடன் இணைந்தது. நம் கடைகளில் குளிர்பானம் குளிர வைத்த அதே கெல்வினேட்டர்தான்.

இவை சிறிய கம்பெனிகள் என்றாலும் சரக்கில் குறை சொல்ல முடியாது. பேக்கார்ட் என்றால் செல்வந்தர்களின் வண்டி. ஹட்சன் ஹார்னெட் 1951 முதல் 1954 வரை பந்தயத் தடங்களில் வெற்றி மேல் வெற்றி கண்டது. சரக்கு நன்றாக இருந்தும் ஏன் நிற்க முடியவில்லை என்பதே கேள்வி.

1953ஆம் ஆண்டின் விலைப்போர்

கொரியப் போர்க்காலக் கட்டுப்பாடுகள் 1953இல் நீங்கின. போர்டு கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே காரை விற்பனையில் முந்திவிட வேண்டும் என்று கங்கணம் கட்டியது. செவர்லேயும் விடவில்லை. இரண்டு கம்பெனிகளும் தொழிற்சாலையை முழுவேகத்தில் ஓட்டி, டீலர்கள் கேட்டதற்கும் மேலாக வண்டிகளை அனுப்பித் தள்ளின.

கேட்காத சரக்கு வாசலில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டி ஓடுகிறது, இடம் அடைபடுகிறது. போர்டு டீலரும் செவர்லே டீலரும் கையில் வந்த விலைக்குத் தள்ளினார்கள். ஒருவரையொருவர் வீழ்த்த அவர்களாலும் முடியவில்லை. அடி விழுந்தது ஓரமாக நின்ற சின்னவர்கள் மேல். லட்சக்கணக்கில் கார் செய்பவனுக்கு ஒரு காரின் அடக்கம் குறைவு. பத்தாயிரக்கணக்கில் செய்யும் ஸ்டூடிபேக்கருக்கும் ஹட்சனுக்கும் அந்த விலை கட்டுபடியாகாது.

ஹட்சனுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. 1948 மாடலில் அது புகுத்திய உறுதியான உடற்கூட்டைப் பெரும் செலவில்லாமல் மாற்றியமைக்க முடியாது. மற்றவர்கள் ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றும்போது ஹட்சன் பழைய முகத்துடனே நின்றது. இருந்த பணத்தை ஜெட் என்ற சின்னக் காரில் போட்டது, அது விற்கவில்லை. 1954 மே மாதம் ஹட்சனும் நாஷும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. 1957உடன் இரண்டு பழைய பெயர்களும் நின்றன.

இருப்பை எண்ணாமல் வாங்கிய கடை

அதே 1954இல் பேக்கார்ட் கம்பெனி ஸ்டூடிபேக்கரை வாங்கியது. பேக்கார்ட்டிடம் பணமும் பெயரும் இருந்தன. ஸ்டூடிபேக்கரிடம் ஏராளமான டீலர்கள் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் பலம் என்று நினைத்தார்கள். வாங்கிய பிறகுதான் கணக்கைச் சரியாகப் பார்த்தார்கள். ஸ்டூடிபேக்கர் நட்டமில்லாமல் ஓட ஆண்டுக்குச் சுமார் 2,82,000 கார்கள் விற்றாக வேண்டும். அப்போது விற்றதோ 82,000 அளவில்தான்.

நம்மில் யாரேனும் ஒரு கடையை வாங்கும்போது சரக்கை எண்ணாமல், கடன் பாக்கியைப் பார்க்காமல், முன்பணம் கொடுப்போமா? பெரிய கம்பெனிகளின் பெரிய அதிகாரிகள் அதைத்தான் செய்தார்கள். 1956 ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் பேக்கார்ட் தயாரிப்பு நின்றது. அதன் பிறகு இரண்டு ஆண்டு ஸ்டூடிபேக்கர் வண்டிக்கே பேக்கார்ட் பெயரை ஒட்டி விற்றார்கள், வாங்குவோர் ஏமாறவில்லை. 1958இல் அந்தப் பெயரும் போயிற்று. வாங்கியவர் முதலில் மறைந்தார். வாங்கப்பட்டவர் இன்னும் சில ஆண்டு இழுத்தார்.

1963 டிசம்பரில் சவுத் பெண்ட் தொழிற்சாலை மூடப்பட்டது. சுமார் 7,000 பேர் வேலை இழந்தார்கள். அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயது தாண்டிய நீண்ட காலத் தொழிலாளருக்கும் முழுத் தொகை கிடைத்தது. அதற்கு அடுத்த வரிசையில் இருந்த சுமார் 4,000 பேருக்கு உரிய தொகையில் 15 சதவீதமே, அதாவது ரூபாய்க்கு 15 பைசா கணக்கில், கையில் வந்தது. அவர்களின் சராசரி வயது 52. சராசரி சேவை 23 ஆண்டு. மீதமுள்ள இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்த அநியாயம் நாடு முழுவதும் பேசப்பட்டு, 1974இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வர ஒரு காரணமாக அமைந்தது. கனடாவில் இருந்த சிறு தொழிற்சாலையும் 1966 மார்ச்சில் நின்றபோது ஸ்டூடிபேக்கர் காரின் கதை முடிந்தது.

தேதிகள் சொல்லும் உண்மை

இப்போது தேதிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். பேக்கார்ட் 1958. ஹட்சனும் நாஷும் 1957. டிசோட்டோ 1960. சவுத் பெண்ட் ஸ்டூடிபேக்கர் 1963. வெளிநாட்டுக் கார்களின் பங்கோ 1959இல் பத்து சதவீதம் வரை ஏறி, பிறகு இறங்கியது. 1963இல் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருந்தது. இறங்கக் காரணமும் கவனிக்கத்தக்கது. மக்கள் சின்னக் கார் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு மூன்று பெரிய அமெரிக்கக் கம்பெனிகளும் 1960 மாடலாகச் சின்னக் கார்களை இறக்கின. வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தவுடன் அவர் திரும்பி வந்தார்.

ஜப்பானியரின் நிலையைப் பார்த்தால் இன்னும் வியப்பு. டொயோட்டா 1957 அக்டோபரில் ஹாலிவுட்டில் விற்பனை அலுவலகம் திறந்தது. கொண்டு வந்த டொயோபெட் கார் அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்தைத் தாங்கவில்லை. இன்ஜின் சூடேறித் திணறியது. 1958இல் விற்ற கார்கள் 287 மட்டுமே. சில ஆண்டுகளில் அந்தக் காரை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். குறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, அமெரிக்கச் சாலைக்கென்று திருத்திய கொரோனா காருடன் 1965இல் மீண்டும் வந்தார்கள்.

ஆக, பேக்கார்ட்டையும் ஹட்சனையும் ஸ்டூடிபேக்கரையும் ஜப்பான்காரன் அழிக்கவில்லை. அவர்கள் விழுந்தபோது அவன் தானே தடுமாறிக்கொண்டிருந்தான். சின்னவர்களைச் சாய்த்தது சொந்த நாட்டுப் பெரியவர்களின் விலைப்போரும், அவர்கள் செய்த தவறான முடிவுகளும்தான். ஆனால் மனிதனின் ஞாபகம் வேறு விதமாகப் பேரேடு எழுதுகிறது. பக்கத்துத் தெருக்காரன் செய்ததை மறந்துவிடுகிறது; தூர தேசத்துக்காரன் பெயரில் பற்று எழுதிவிடுகிறது.

ஒரே அரிசி, ஐந்து சாக்கு

பின்னால் மறைந்த பெயர்களின் கதை வேறு. அங்கே அந்நியப் போட்டி உண்மையாகவே இருந்தது. ஆனாலும் வீடு உள்ளுக்குள் இற்றுப் போயிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1920களிலிருந்து ஒரு படிக்கட்டு வைத்திருந்தது. முதல் படி செவர்லே; பிறகு பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக்; உச்சியில் கேடிலாக். வருமானம் ஏற ஏற வாடிக்கையாளர் ஒரு படி ஏறுவார். ஒவ்வொரு பெயருக்கும் தனிச் சரக்கு, தனி ருசி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி இந்த ஒரு நிறுவனத்துடையது.

பிற்பாடு செலவைச் சுருக்க ஒரே காரைச் செய்து, முன் முகப்பையும் பெயர்த் தகட்டையும் மாற்றி வெவ்வேறு பெயரில் விற்கத் தொடங்கினார்கள். ஒரே அரிசியை ஐந்து சாக்கில் போட்டு, பொன்னி என்றும் சீரகச் சம்பா என்றும் ஐந்து விலை சொல்வது போன்ற வேலை. 1977இல் ஓல்ட்ஸ்மொபைல் வாங்கிய பலர், உள்ளே இருப்பது செவர்லே இன்ஜின் என்று கண்டுபிடித்தார்கள். ஓல்ட்ஸ்மொபைலின் பெயரே அதன் இன்ஜினால் வந்தது. வழக்குகள் எழுந்தன, கம்பெனி நட்டஈடு கொடுக்க நேர்ந்தது. நட்டஈடு கொடுத்தால் வழக்கு முடியும்; போன நம்பிக்கை திரும்புமா?

1976இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ். 1980களின் நடுவில்கூட ஓல்ட்ஸ்மொபைல் ஆண்டுக்குப் பத்து லட்சம் விற்றது. 2000இல் அது மூன்று லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. 1897இல் பிறந்த பெயர் 2004 ஏப்ரலில் நின்றது. பிளிமத் 2001இல் மறைந்தது. 2009 ஜூன் முதல் தேதி ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு கொடுத்தது. அதைத் தொடர்ந்து பான்டியாக், சாட்டர்ன் பெயர்கள் போயின. போர்டு நிறுவனத்தின் மெர்க்குரியும் அதையொட்டி நின்றது.

1973இலும் 1979இலும் பெட்ரோல் விலை ஏறியபோது சின்னக் கார், பழுது குறைந்த கார் என்று மக்கள் தேடினார்கள். அப்போது ஜப்பானியரிடம் சரக்கு தயாராக இருந்தது. 1980இல் நான்கில் ஒரு கார் வெளிநாட்டுக் கார் என்ற நிலை வந்தது. சந்தையில் தேவை மாறிய நாளில் யாரிடம் இருப்பு இருந்ததோ அவரிடம் கூட்டம் போனது. இதில் மர்மம் ஏதுமில்லை.

வேலி போட்டதன் விளைவு

வேலி போட்டால் சரியாகும் என்று 1981இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது உண்மை. நட்டத்திலிருந்த கிரைஸ்லர், அரசு உத்தரவாதத்தில் வாங்கிய கடனை 1983இல், தவணைக்கு ஏழு ஆண்டு முன்னதாகவே அடைத்தது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு போட்டால் வியாபாரி என்ன செய்வான்? இலாபம் அதிகமுள்ள சரக்கை அனுப்புவான். ஜப்பானியர் வசதிகள் கூடிய, விலை கூடிய கார்களை அனுப்பினார்கள். 1986இல் ஹோண்டாவின் அக்யூரா, 1989இல் டொயோட்டாவின் லெக்சஸ், நிசானின் இன்பினிட்டி என்று சொகுசுக் கார் சந்தைக்கே வந்துவிட்டார்கள். வேலிக்கு உள்ளேயே தொழிற்சாலையும் கட்டினார்கள். ஹோண்டா 1982இல் ஒஹையோவில் கார் செய்யத் தொடங்கியது; நிசான் 1983இல் டென்னசியில் வண்டி உற்பத்தியைத் தொடங்கியது.

கலிபோர்னியாவில் பிரீமான்ட் என்ற ஊரில் நடந்தது இன்னும் பாடமானது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் தொழிற்சாலை ஒன்றை 1982இல் அங்கே மூடியது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத, தகராறுக்குப் பேர்போன இடம். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் பழைய தொழிலாளரையே, தொழிற்சங்கமும் அதுவே. நிர்வாக முறை மட்டும் புதிது. குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்றார்கள். வேலைக்கு வராதோர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. நல்ல கார்கள் வந்தன. கெட்டுப்போயிருந்தது தொழிலாளி அல்ல, நடத்திய விதம் என்று ஊருக்கே தெரிந்தது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்றத் தொழிற்சாலைகளில் இந்தப் பாடத்தைப் புகுத்த நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. அதற்குள் வாடிக்கையாளர் போய்விட்டார்.

டீலர் என்ன ஆனார்?

கம்பெனி பற்றிப் பேசுகிறவர்கள் பலர். அதன் சரக்கை விற்ற கடைக்காரரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர். நமக்கு முக்கியமானது அதுதான்.

ஸ்டூடிபேக்கர் - பேக்கார்ட் நிறுவனம் 1957 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களைத் தன் டீலர்கள் மூலம் விற்க ஒப்பந்தம் செய்திருந்தது. ஒரு பக்கம் சொந்தக் கார் விற்காமல் நின்றது. இன்னொரு பக்கம் ஜெர்மன் கார் விற்றது. ஸ்டூடிபேக்கர் போன பிறகு அந்த டீலர்களில் சிலர் மெர்சிடிஸ் டீலர்களாகத் தொடர்ந்தார்கள். டொயோட்டாவின் ஹாலிவுட் அலுவலகம் திறந்த கட்டடமும் முன்பு ராம்ப்ளர் என்ற அமெரிக்கக் காரை விற்ற ஷோரூம்தான். அந்நியச் சரக்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. உள்நாட்டுக் கம்பெனி காலி செய்த கடைகளின் வாசல் வழியாகவும் உள்ளே வந்தது. தன் கம்பெனி கைவிட்ட கடைக்காரர், குடும்பத்தைக் காப்பாற்ற வேறு சரக்கு தேடினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

மிக்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி ஊரில் ஒரு ஹட்சன் டீலர் கடை இருந்தது. கம்பெனி மறைந்த பிறகும் பழைய ஹட்சன் கார்களும் உதிரி பாகங்களும் விற்று, உலகின் கடைசி ஹட்சன் டீலர் என்று பேர் வாங்கியது. இன்று அந்த இடம் மோட்டார் அருங்காட்சியகம். பாசத்தோடு நடத்திய கடை, மரியாதைக்குரியது. ஆனால் எல்லோருக்கும் அந்த வழி இல்லை.

2009 மே 14ஆம் தேதி, திவாலில் இருந்த கிரைஸ்லர் நிறுவனம் 789 டீலர்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. ஜூன் 9உடன் ஏஜென்சி முடிகிறது என்றார்கள். நான்கு வாரம்கூட இல்லை. இரண்டு மூன்று தலைமுறையாக நடந்த குடும்பக் கடைகள் பல அதில் இருந்தன. கையிருப்பு வண்டிகளைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஆயிரத்துக்கு மேற்பட்ட டீலர்களை விலக்கத் திட்டமிட்டது. இலாபத்தில் ஓடிய கடைகளும் பட்டியலில் இருந்தன.

டீலர்கள் சும்மா இருக்கவில்லை. ஒன்று சேர்ந்து வாஷிங்டன் சென்று முறையிட்டார்கள். 2009 டிசம்பரில், நீக்கப்பட்ட டீலர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று சட்டம் வந்தது. அடுத்த மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தானே முன்வந்து சுமார் 660 பேரை மீண்டும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது.

அவர்களுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. போர்க்காலத்தில் கார் மீது போடவிருந்த வரியை எதிர்த்து, 1917இல் டீலர்கள் கூடி வரியைக் குறைக்க வைத்தார்கள். அவர்களின் தேசியச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. 1953இன் விலைப்போரில் கேட்காத சரக்கைத் தலையில் கட்டியதன் பின்விளைவாக, 1956இல் நேர்மையின்றி நடக்கும் கம்பெனி மீது டீலர் வழக்குப் போட உரிமை தரும் சட்டம் வந்தது. 1958இல், ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் கம்பெனி குறிப்பிடும் விலையை ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் பொட்டலத்தில் அச்சாகும் எம்.ஆர்.பி.யைப் போல அது உச்சவரம்பு அல்ல. ஆனால் வாங்குபவருக்கு விலை தெரிந்தது, நியாயமாக விற்ற டீலருக்கும் தலைநிமிர முடிந்தது.

நம் பேரேட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை

நம் கடைவீதியிலும் 1990களுக்குப் பிறகு பெரிய மூலதனம் வந்தது, பேரங்காடிகள் வந்தன, இன்று செல்போனில் மளிகை கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கோபம் வருவது இயற்கை. ஆயினும் டெட்ராய்ட்டின் கணக்கு சில விஷயங்களை நமக்குச் சொல்கிறது.

முதலாவது, போட்டியாளரின் ஊரைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்க்க வேண்டும். விற்பனை எப்போது குறையத் தொடங்கியது? புதுக்கடை வருவதற்கு முன்பா, பின்பா? முன்பே குறைந்திருந்தால் காரணம் நம் கடைக்குள் இருக்கிறது.

இரண்டாவது, கூட்டுச் சேருமுன், கடை வாங்குமுன், எவ்வளவு விற்றால் நட்டமில்லை என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பேக்கார்ட் கேட்காமல் விட்ட எண் அது.

மூன்றாவது, பெயரை நம்பி வருகிற வாடிக்கையாளருக்குச் சாக்கில் எழுதியதே உள்ளேயும் இருக்க வேண்டும். ஓல்ட்ஸ்மொபைல் அன்று செலவில் மிச்சப்படுத்தியது எவ்வளவோ, பிறகு இழந்தது அதைவிடப் பன்மடங்கு.

நான்காவது, ஒரே கம்பெனியின் ஏஜென்சியை மட்டும் நம்பியிருப்பவர், அந்த ஒப்பந்தத்தில் விலகல் அவகாசம் எத்தனை நாள், கையிருப்பைத் திருப்பி எடுப்பார்களா என்ற இரண்டு வரிகளையும் இன்றே படித்துப் பார்ப்பது நல்லது. 789 பேர் அதை 2009 மே மாதத்தில்தான் உணர்ந்தார்கள்.

ஐந்தாவது, வேலி கேட்பதில் தவறில்லை. ஆனால் வேலி தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் கடையைத் திருத்திக்கொள்ளாவிட்டால், வேலிக்குள்ளேயே வந்து அவர்கள் கடை போட்டுவிடுவார்கள்.

பழைய பெயர்களை நினைத்து வருந்துவது மனிதப் பண்பு. பேக்கார்ட் காரைக் கண்டு கண் கலங்கும் முதியவரை நாம் கேலி செய்யவில்லை; அவர் இழந்தது தகப்பனாரின் வேலை, ஊரின் பிழைப்பு. ஆனால் அந்த ஊர்வலத்தைப் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் டொயோட்டாவிலும் ஹோண்டாவிலும் வந்து இறங்கியவர்கள்தான். நினைப்பது ஒன்று, வாங்குவது ஒன்று. அதே போல் "அண்ணாச்சி கடை மாதிரி வருமா" என்று சொல்லிக்கொண்டே வேறு இடத்தில் மளிகை வாங்குகிற வீடுகள் நம் தெருவிலும் உண்டு. அந்தச் சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இருந்துவிடாமல், அவர் கடைசியாக நம் கடையில் சாமான் வாங்கியது எந்த மாதம் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஏன் வரவில்லை என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த மாதமே செய்யக்கூடிய காரியம்.